கை காய்ந்த வாத்தியார்

"அம்மா, அந்தப் புள்ளைய இனிமே என் வகுப்புல வச்சுக்க முடியாது!"

ஆசிரமப் பள்ளியின் கணக்கு வாத்தியார் சிங்காரவேலு மூச்சிரைக்க வந்து நின்றார்.

குரு ஞானாம்பாள் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார். வாத்தியாரைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் வாத்தியாருக்கு அவர் அம்மா.

"எந்தப் புள்ள?"

"இலக்கியா. நான் கணக்கை எழுதி முடிக்கிறதுக்குள்ள விடையைச் சொல்லிடுறா. அப்புறம் பெஞ்சைத் தட்டுறா. ஜன்னலைப் பார்க்குறா. பக்கத்துல இருக்கிறவளைக் கிள்ளுறா."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"சும்மா விடலைம்மா, பொறுப்பு கொடுத்தேன். சாக்பீஸைக் கையில கொடுத்து, பேசுறவங்க பேரை போர்டுல எழுதுன்னேன்."

"எழுதினாளா?"

"எழுதினா. ஒரே ஒரு பேரு. சிங்காரவேலு சார்."

அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காதீங்கம்மா! அவ அப்பாவுக்கு ஆள் அனுப்பிட்டேன். சாப்பாட்டு நேரம் முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போயிடுவார். இனிமே பள்ளிக்கூடமே வேண்டாம், வீட்டு வேலையைப் பார்க்கட்டும்னு சொல்லிட்டார்."

"சரி. முதல்ல சாப்பிடுங்க."

கோபம் வந்தால் வாத்தியாருக்கு இரண்டு மடங்கு பசிக்கும். பந்தியில் உட்கார்ந்தார்.

அம்மா ஒரு கரண்டி சோறு வைத்தார். வாத்தியார் அள்ளி விழுங்கினார். இலை காலி.

"அம்மா, சோறு."

"எல்லாரும் முடிக்கட்டும்."

பந்தியின் கடைசியில் பல் போன ஒரு பெரியவர் அப்போதுதான் பருப்பைப் பிசையத் தொடங்கியிருந்தார்.

சோற்று வாளி ஆவி பறக்க, வாத்தியாரின் மூக்குக்கு நேராகவே போய் வந்தது. எழுந்து போகவும் வழியில்லை. மற்றவர்கள் சாப்பிடும்போது பந்தியில் எழுந்தால் மரியாதையாக இருக்காது.

கை காய்ந்தது.

இலையில் விரலால் கோடு போட்டார். கூரையைப் பார்த்தார். பக்கத்து இலை அப்பளத்தை நொறுக்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க, வாத்தியாரே?" என்றார் அம்மா. "யாரு சோத்தைச் சிந்துறாங்கன்னு பார்த்துப் பேரைச் சொல்லுங்க."

வாத்தியார் வெடித்துவிட்டார்.

"பசிக்குதுங்கிறேன், எனக்குப் போய் வேலை கொடுக்குறீங்களே!"

அம்மா வாளியோடு அப்படியே நின்றார்.

வாத்தியார் வாளியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். தன் இலையைப் பார்த்தார்.

சட்டென்று எழுந்தார். கைகூடக் கழுவாமல் ஓடினார்.

"என்ன, வாத்தியார் பந்தியில எழுந்துட்டாரு?" என்று அதிர்ந்தார் பெரியவர்.

"பசி" என்றார் அம்மா.

இலக்கியா வகுப்பு வாசலில் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். அழுத கண்.

"பையைக் கீழ வை!" வாத்தியாருக்கு வார்த்தை தடுமாறியது. "ஒரு எண்ணை எழுது. அதையே திருப்பிப் போட்டுக் கூட்டு. வந்த விடையையும் திருப்பிக் கூட்டு. முன்னாலிருந்து படிச்சாலும் பின்னாலிருந்து படிச்சாலும் ஒண்ணா வர்ற வரைக்கும் விடாதே."

"பன்னிரண்டுன்னா இருபத்தொண்ணு. கூட்டினா முப்பத்துமூணு. முடிஞ்சு போச்சே சார்."

"நூத்தித் தொண்ணூத்தாறுல ஆரம்பி."

"அதுல என்ன வரும்?"

"தெரியாது."

"சாருக்கே தெரியாதா?"

"உலகத்துல யாருக்குமே தெரியாதும்மா!"

பை தொப்பென்று விழுந்தது.

சாக்பீஸை உடைத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். போர்டு நிறைந்தது. சுவர் நிறைந்தது. எண்கள் தரைக்கு இறங்கின. மற்ற பிள்ளைகளும் சாப்பிட்டுவிட்டு வந்து மண்டியிட்டார்கள். வாத்தியார் ஓரிடத்தில் தப்பாகக் கூட்டினார். இலக்கியா சந்தோஷத்தில் கத்தியே விட்டாள்.

வாசலில் நிழல் விழுந்தது.

"வாத்தியாரய்யா, புள்ளைய கூட்டிட்டுப் போக வந்தேன்."

இலக்கியா நிமிரவே இல்லை.

வாத்தியார் பருக்கை காய்ந்த விரலை உதட்டில் வைத்தார்.

"உஸ்! பேசாதீங்க. பேரு போர்டுல ஏறிடும்."