செய்திக்கு அடியில் ஒரு கேள்வி

தேவசகாயம் அண்ணாச்சி இருபது வருஷம் பத்திரிகை நிருபர். பத்திரிகை அச்சடிப்பதை நிறுத்தியதும் நிறுவனம் அவரை இணையதளத்துக்கு மாற்றி, திருநெல்வேலி வாசகர்களின் இணையக் குழுவை அவர் தலையில் கட்டியது. குழுவோ ஈயோட்டிக்கொண்டு கிடந்தது. இந்த வெள்ளிக்கிழமைக்குள் ஆள் நடமாட்டம் தெரியாவிட்டால் அதை மூடிவிடுவார்கள். அண்ணாச்சியும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அவருக்கு வாய்த்த குரு ரஹ்மத், அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவள். அவளும் நிருபராக இருந்தவள்தான். பிறகு இணையக் குழுக்களை வளர்த்து, இன்று தளத்தில் எதை எப்படிப் போடலாம் என்று முடிவு செய்கிறவள்.

"மேடம், தெனமும் கைவலிக்கச் செய்தி போடுதேன். ஒரு பய எட்டிப் பாக்க மாட்டேங்கான். என்னதான் உத்தி, சொல்லுங்க."

"போட்டதுக்கு அப்புறம் என்ன செய்வீங்க அண்ணாச்சி?"

"அடுத்ததைப் போடுவேன்."

அச்சுக்குப் போனதை எந்த நிருபர் திரும்பிப் பார்த்தார்? பழக்கம் அப்படி!

ரஹ்மத் அவருடைய போனை வாங்கி, பஸ் நேரம் மாறிய செய்திக்கு அடியில் தள்ளிக் காட்டினாள். செல்வராணி என்றொரு பெண் போன வாரமே கேட்டிருந்தாள்: "காலை வண்டி பெரியாஸ்பத்திரி வழியாப் போகுமா? அம்மாவுக்கு டயாலிசிஸ்."

அண்ணாச்சிக்கு முகம் செத்துவிட்டது. அடப்பாவி, பார்க்காமல் விட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு டெப்போவுக்குப் போன் போட்டார். "போகும்மா. தாமதத்துக்கு மன்னிக்கணும்" என்று எழுதினார்.

"ரொம்ப நன்றி சார்" என்று உடனே பதில் வந்தது. பின்னாலேயே ஒருவர், எந்த ஸ்டாப்பில் இறங்கினால் நடை குறைவு என்று சொன்னார். இன்னொருத்தி, ஆஸ்பத்திரியில் வீல்சேர் எங்கே கிடைக்கும் என்று சொன்னாள். வியாழக்கிழமைக்குள் குழு சந்தைக்கடை ஆகிவிட்டது. மூடும் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

அண்ணாச்சிக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் ரஹ்மத்திடம் போய் நின்றார்.

"அவங்களே கேக்காங்க, அவங்களே பதிலும் சொல்லிக்கிடுதாங்க. பொறவு நான் எதுக்கு மேடம்?"

ரஹ்மத் மறுபடியும் போனை வாங்கி ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"எங்க ஊருக்கு ராத்திரி வண்டி வந்தே ரொம்ப நாளாச்சு. என்ன காரணம்?" என்று யாரோ கேட்டிருந்தார்கள். கீழே வரிசையாகப் பதில்கள்: "எங்களுக்கும் வரல." "தெரியலையே." "யாரைக் கேக்கன்னே தெரியல."

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் படித்தார்.

"இதுக்கு இங்க யாருக்கும் பதில் தெரியல அண்ணாச்சி," என்றாள் ரஹ்மத். "நிருபர் ஒருத்தர் நேர்ல போய் விசாரிச்சாத்தான் உண்டு."