பந்தியில் ஒரு பட்டன்

முதலில் தவறு செய்தவன் தனஞ்செயன். நான் அல்ல.

எங்கள் கல்யாண மண்டபத்துக்கு அவன்தான் இணையதளம் செய்துகொடுத்தான். அதில் நான் சாம்பார் வாளியோடு நிற்கும் படத்தைப் போட்டு, அதற்கு ‘படம் ஏழு’ என்று பெயர் வைத்தான். முப்பத்தெட்டு வருஷமாக இந்த மண்டபத்தில் பந்தி பரிமாறுகிறேன். எனக்குச் சுடலைமுத்து என்று ஒரு பெயர் இருக்கிறது.

அவன் வைத்த பெயர் யார் கண்ணுக்கும் தெரியாது. வடிவு டீச்சரின் போன் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

டீச்சருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் இருப்பதையும், படத்துக்கும் பட்டனுக்கும் பின்னால் எழுதிவைத்த பெயரையும் அவர் போன் வாய்விட்டுப் படிக்கும். கண் தெரியாதவர்கள், காது கேட்காதவர்கள், கை நடுங்குகிறவர்கள் எல்லோரும் பயன்படுத்தும்படி இணையதளம் செய்யக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். வயது முப்பத்திரண்டு. மண்டப முதலாளி அனுப்பி, நாற்பத்தாறு வயதுத் தனஞ்செயன் அவரிடம் பாடம் கேட்க வந்திருந்தான்.

டீச்சருக்கும் அதில் ஒரு காரியம் இருந்தது. அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தை மாத முகூர்த்தங்களுக்கு வியாழக்கிழமை காலை பதிவு திறக்கிறது. தளத்தில் மட்டும்தான் பதிவு.

“நான் போட்டுத் தாரேன்” என்றார் அவர் அண்ணன்.

“என் கல்யாணத்துக்கு மண்டபம் நான்தான் பிடிப்பேன்” என்றார் டீச்சர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் வேறொரு கல்யாணம். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்று டீச்சர் தளத்தைத் திறந்தார். போன் பேசியது.

“பட்டன். பட்டன். படம் ஏழு. பட்டன்.”

எதை அமுக்கினால் என்ன வரும் என்று அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே, “நேரம் முடிந்தது. முதலிலிருந்து தொடங்கவும்” என்றது.

“இதுல என்ன குறை டீச்சர்?” என்றான் தனஞ்செயன். “ஒவ்வொரு பட்டனும் கலர் கலரா, பளிச்சுன்னு வச்சிருக்கேன்.”

“சாப்பிட்டீங்களா சார்?”

“இன்னும் இல்ல.”

“அப்ப வந்து பந்தியில உக்காருங்க.”

என் தோளில் கிடந்த துண்டை வாங்கி அவன் கண்ணைக் கட்டினார்.

“சாம்பார் வாடை அடிக்குதே!”

“அதையாவது கண்டுபிடிச்சீங்களே” என்றார் டீச்சர்.

பிறகு என் காதில் ஒரு விஷயம் சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அவன் இலையில் முதலாவதை வைத்தேன். “பட்டன்.”

“என்னது?”

“பட்டன்.”

அடுத்ததை வைத்தேன். “பட்டன்.”

“அண்ணாச்சி, இது கூட்டா, பொரியலா?”

“பட்டன்.”

விரலால் தடவிப் பார்த்து, ஒரு கை அள்ளி வாயில் போட்டான். எலுமிச்சங்காய் ஊறுகாய். நான் கொஞ்சம் தாராளமாகத்தான் வைத்திருந்தேன்.

“தண்ணி! தண்ணி எங்க இருக்கு?”

“படம் ஏழு” என்றேன்.

பக்கத்து இலைக்காரருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. மாப்பிள்ளையே மாலையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

சோறு வைத்துச் சாம்பார் ஊற்றினேன். “பட்டன் வேணுமா?” என்று கேட்டேன். பயந்துபோய், “சரி” என்றான். சாம்பார் சோற்றின் மேல் பாயசத்தை ஊற்றினேன்.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பான். இலையை உருவினேன்.

“நேரம் முடிந்தது. முதலிலிருந்து தொடங்கவும்.”

மடக்காத இலையை நான் எடுத்தது இத்தனை வருஷத்தில் அந்த ஒரு தடவைதான். அது டீச்சர் சொல்லிக்கொடுத்ததல்ல. நானாகச் செய்தது.

தனஞ்செயன் துண்டை அவிழ்த்தான். கத்தப்போகிறான் என்று நினைத்தேன். அவனும் சிரித்தான்.

“பசிக்குது டீச்சர்.”

“எனக்கும்தான் சார். வியாழக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கிடுதேன்.”

அவனுக்கு வேறு இலை போட்டேன். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் பரிமாறினேன். தொழிலில் நான் யாருக்கும் குறை வைத்ததில்லை. இந்தத் தடவை அவனாகவே கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

மூன்று நாள் உட்கார்ந்து வேலை செய்தான். ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் வைத்தான். விரட்டிவிடுவதற்குப் பதில், ‘இன்னும் நேரம் வேண்டுமா?’ என்று கேட்கவைத்தான். என் படத்துக்கு, ‘சாம்பார் வாளியுடன் சுடலைமுத்து’ என்று எழுதினான். பெயர் வந்தது சரி. ‘தப்பாப் போச்சு அண்ணாச்சி’ என்று ஒரு வார்த்தை வர வேண்டாமா?

வியாழக்கிழமை காலை டீச்சர் எங்கள் சமையல்கூடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். போனை எடுத்ததும் கரண்டிச் சத்தமெல்லாம் நின்றது.

“தை இருபத்தேழு, காலை முகூர்த்தம், காலியாக உள்ளது” என்றது போன். டீச்சர் விரலை நகர்த்தினார். “பதிவு செய், பட்டன்.”

இரண்டு தடவை தட்டினார்.

“உங்கள் மண்டபம் பதிவாகிவிட்டது.”

டீச்சர் அதை இன்னொரு தடவை படிக்கவைத்தார். பிறகு இன்னொரு தடவை. தலைமைச் சமையல்காரர் அண்டாவைக் கவிழ்த்துக் கொட்டடித்தார். டீச்சர் அண்ணனைக் கூப்பிட்டு, “மண்டபம் பிடிச்சாச்சு. நீ வந்து வாழைமரம் மட்டும் கட்டு” என்றார். வெங்காயம் உரிக்கிற பெண்கள் குலவையிட்டார்கள்.

சத்தம் அடங்கியதும் தனஞ்செயன் மெதுவாகக் கேட்டான்.

“சந்தோஷம் டீச்சர். ஆனா உங்களைத் தவிர இன்னொருத்தர் இப்படி வருவாங்களா? இந்தத் தளத்துக்கு இதுவரைக்கும் கண் தெரியாதவங்க ஒருத்தர்கூட வந்ததில்லையே?”

“இலை போடாத இடத்துல யார் சார் வந்து உக்காருவா?” என்றார் டீச்சர்.

தனஞ்செயன் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டான். என்னிடம் சொல்ல வேண்டியதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.