கப்பலிடம் சாட்சி கேட்கப் போனவன்

முன்னொரு காலத்தில் கடலோர ராஜ்யம் ஒன்றில் பூவணன் என்ற அரண்மனை விகடன் இருந்தான். அவன் தகப்பனார் துறைமுகக் கால்வாயில் சேறு வாரியவர். பழைய ராஜா காலத்தில் மழை ஓய்ந்ததும் நாற்பது படகுகள் அந்த வேலைக்கு இறங்கும். பூவணன் வாலிபத்தில் தகப்பனார் படகிலிருந்து குதித்து, அடிமண்ணைத் தொட்டுவிடப் பார்ப்பான். ஒருநாளும் தொட்டதில்லை.

இப்போதோ துறைத்தலைவர் விசயராயர் பத்து வருஷமாக அந்தச் சேறு வாரும் படகுகளைக் கரையேற்றிப் போட்டிருந்தார். அந்த ஆண்டு, தாமே கப்பலோட்டி வரும் வணிகர் நைனா மரைக்காயரின் கப்பல் கால்வாய் நடுவே தரைதட்டி நின்றுவிட்டது.

வழக்கு சபைக்கு வந்தது.

"கால்வாய் நாலு ஆள் ஆழம், மகாராஜா! கப்பலை ஓட்டியவர் தூங்கியிருக்கிறார். கப்பலைப் பறிமுதல் செய்ய வேண்டும்" என்றார் ராயர்.

"முப்பது வருஷமாக இதே வழியில்தான் வருகிறேன். நான் வழி தவறவில்லை மகாராஜா, வழிதான் தூர்ந்துவிட்டது" என்றார் மரைக்காயர்.

பூவணன் அவருக்காகப் பரிந்து பேசினான். ராஜாவுக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. "உங்கள் பேச்செல்லாம் போதாது. பூவணா, அந்தக் கப்பலையே கேட்டுச் சாட்சி கொண்டு வா!"

விகடன்மேல் வெகுநாளாகப் பொறாமை கொண்ட ராயர் முந்திக்கொண்டார். "படகு தரக்கூடாது, பிரபு. நீந்தவும் கூடாது. நடந்தே போகட்டும்!"

"உத்தரவு. ஓதம் ஏறி நீர் நிறையட்டும், போகிறேன்" என்றான் பூவணன். சபை சிரித்தது.

உச்சிவேளையில் ஓதம் ஏறியது. ராஜாவும் சபையும் கரையில் நிற்க, பூவணன் இறங்கி நடந்தான். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது, கழுத்தோடு நின்றுவிட்டது. அன்று எத்தனை மூச்சடக்கியும் எட்டாத அடிமண் இன்று தானே காலடிக்கு வந்திருந்தது. கப்பலைத் தட்டி, காது வைத்துக் கேட்டுவிட்டுத் திரும்பினான்.

"என்ன சொன்னது?" என்றார் ராஜா.

"'நீ நடந்து வருகிற இடத்தில் நான் எப்படி மிதப்பேன்?' என்று கேட்டது மகாராஜா. எனக்குப் பதில் தெரியவில்லை. ராயரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வழியைக் காப்பது துறையின் கடமை. கப்பல் தரைதட்டியதற்குத் துறையே பொறுப்பு" என்று தீர்ப்புச் சொன்ன ராஜா, ராயரைப் பதவியிலிருந்து இறக்கினார். தம் முத்துமாலையைக் கழற்றிப் பூவணன் கழுத்தில் போட்டார்.

மழை ஓய்ந்ததும் சேறு வாரும் படகுகள் மறுபடி இறங்கின. தையில் மரைக்காயரின் கப்பல் சேற்றிலிருந்து மீண்டு, பாய் விரித்து, எங்கும் தட்டாமல் அரண்மனைத் துறைக்கே வந்தது. "ஏதாவது வேடிக்கையாகச் சொல்லேன்" என்றார் ராஜா. தகப்பனார் சேறு வாரிய கால்வாயைப் பார்த்தபடி பூவணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையைக் கூப்பினான். அன்றைக்கு அவனுக்கு விகடம் வரவில்லை.