பின்வாசலில் இருந்து

“சாமி, ஆண்டவர் சொன்னதில் எதை நான் நம்புவது?”

பூசை உடுப்புகள் வைக்கும் அறையில், மணி அடிப்பதற்கு முன்னால், கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் சந்தியாகு இப்படிக் கேட்டார்.

இஞ்ஞாசி சாமியார் மெழுகுவர்த்தியின் கருகிய திரியைக் கிள்ளிக்கொண்டிருந்தார். உபதேசியாரைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் வேதத்தில் எந்த முடிச்சு விழுந்தாலும் சந்தியாகு அவரிடம்தான் வருவார்.

“சமாதானத்தை உங்களுக்கு விட்டுப்போகிறேன் என்கிறார். சமாதானம் கொண்டுவந்தேன் என்று நினைக்காதீர்கள், பிரிவினையைத்தான் கொண்டுவந்தேன் என்றும் அவரே சொல்கிறார். எதைப் பிடித்துக்கொண்டு நான் இன்றைக்கு எழுந்து நிற்பது?”

விஷயம் சப்பரம்.

திருவிழாவில் மிக்கேல் சம்மனசு என்கிற தேவதூதரின் சப்பரம் மேலத்தெருவைச் சுற்றிவிட்டுக் கோயிலுக்குத் திரும்பிவிடும். கீழத்தெருச் சனம் தெருமுனைக்கு வந்து கும்பிட்டுக்கொள்ளும். இந்த வருஷம் கீழத்தெரு ரோணிக்கம், படுக்கையில் கிடக்கும் தன் புருஷன் பார்க்கும்படி சப்பரம் வாசலுக்கு வரவேண்டும் என்று கேட்டுவிட்டாள்.

அங்கே போனால் தோள் கொடுக்க மாட்டோம் என்றது மேலத்தெரு. முதலில் சொன்னவர் சந்தியாகுவின் அண்ணன் சூசை. திருவிழாக் கமிட்டி வாயைத் திறக்காமல், முடிவை உபதேசியார் தலையில் கட்டிவிட்டது. பூசையின் கடைசியில் அவர் அறிவிக்க வேண்டும்.

பழைய வழியிலேயே போகட்டும், ஊர் சமாதானமாக இருக்கட்டும் என்றுதான் சந்தியாகு நினைத்திருந்தார். அந்த இன்னொரு வசனம் கண்ணில் படாமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார்.

சாமியார் திரியின் கரியை விரலிலிருந்து துடைத்தார்.

“இன்றைக்குச் சமாதானத்தைப் பின்வாசலில் இருந்து கொடுக்கத் தொடங்கும், உபதேசியாரே.”

“நான் கேட்டதற்குப் பதில்?”

சாமியார் உடுப்பை மாட்டிக்கொண்டார்.

பூசையின் நடுவில் ஒருவருக்கொருவர் கைகூப்பிச் சமாதானம் பகிர்வதில் அந்தக் கோயிலுக்கு ஒரு முறை உண்டு. பீடத்தில் சாமியாரிடம் உபதேசியார் வாங்கி வந்து முன்வரிசைக்குக் கொடுப்பார். முன்வரிசை அடுத்த வரிசையைப் பார்த்துத் திரும்பும். பின்வாசல் பக்கம் நிற்கிற கீழத்தெருவுக்குப் போய்ச் சேருவதற்குள் பாட்டு தொடங்கிவிடும். யாரும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை. சந்தியாகுவும்தான்.

அந்த நேரம் வந்தது. சந்தியாகுவின் கூப்பிய கைகளைச் சாமியார் தம் கைகளால் பொத்தினார்.

முன்வரிசையில் அண்ணன் வழக்கம்போலக் கைகூப்பிக் காத்திருந்தார்.

சந்தியாகு அவரைத் தாண்டினார்.

“லேய், இங்க குடுத்துட்டுப் போ.”

“வாரேண்ணே.”

“அங்க போயிட்டு இங்க வராத.”

கால் நின்றது. பிறகு எப்படியோ நடந்தது.

பின்வாசலில் ரோணிக்கத்தின் முன்னால் போய்க் கைகூப்பினார். அவள் திரும்பி, தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள்.

பின்னால் வெயில் மட்டும்தான் இருந்தது.

“சமாதானம்மா,” என்றார்.

“எங்களுக்கா?”

அவர் பதில் சொல்வதற்குள் முன்னால் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. சூசை பக்கவாசல் வழியாக வெளியேறினார். இன்னும் சிலர் அவர் பின்னால் போனார்கள்.

சந்தியாகு பீடத்துக்குத் திரும்பி வந்தார். நற்கருணைப் பாட்டு ஓய்ந்து எல்லாரும் உட்கார்ந்த பிறகு, சாமியாரின் காதருகே குனிந்தார்.

“அவளுக்குக் கொண்டுபோனேன். அண்ணன் என் உறவை வெட்டிவிட்டுப் போய்விட்டார். என் கையில் நீங்கள் கொடுத்தது எது சாமி? சமாதானமா, மற்றதா?”

“ஒன்றைத்தான் கொடுத்தேன்.”

சந்தியாகு தம் கைகளைப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை.

“அறிவிப்பு,” என்றார் சாமியார்.

சந்தியாகு மைக்குக்கு முன்னால் போய் நின்றார். முன்வரிசையில் அண்ணன் இடம் காலி. பின்வாசலில் ரோணிக்கம் கூப்பிய கையை இன்னும் இறக்கவில்லை.

“சப்பரம்,” என்றார். செருமிக்கொண்டார்.

“முதலில் கீழத்தெரு.”