சேற்றில் தடம் பதியாத சருகுமான்

ஆற்றுக்காட்டில் கோடை பிறந்தால் இரண்டு காரியங்கள் நடக்கும். ஓடை வற்றும். உருண்டை ஆட்டத்துக்கு ஆள் எடுப்பார்கள்.

உருண்டை என்பது தூக்கணாங்குருவிகள் கோரைப்புல்லால் இறுக்கிப் பின்னித் தரும் பந்து. அதை வாயில் கவ்விக்கொண்டு ஓட வேண்டும். எதிரணியார் குறுக்கே வந்து இடிப்பார்கள், தள்ளுவார்கள், மேலே பாய்வார்கள். விழுந்தால் விழுந்த இடத்திலிருந்து மறுபடி ஓடலாம். ஆனால் உருண்டை வாயிலிருந்து நழுவிவிட்டால் முறை எதிரணிக்குப் போய்விடும். திடலின் இரு கோடியிலும் ஒவ்வொரு மருத மரம் உண்டு; எதிரணியின் மரத்தை முதலில் தொடும் அணிக்கே வெற்றி.

ஒவ்வொரு கோடையிலும் ஆற்றுக்காடும் மலைக்காடும் மோதும். வென்ற காட்டுக்கு எல்லையிலுள்ள இலுப்பைத் தோப்பு சொந்தம். அந்தக் கோடை முழுவதும் பூவும் அவர்களுக்கே, பழமும் அவர்களுக்கே.

ஆற்றுக்காட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. எந்தப் பகுதியிலிருந்து ஓர் ஆட்டக்காரர் வருகிறாரோ, அந்தப் பகுதியார் எல்லோரும் பாறை ஊற்றில் தண்ணீர் குடிக்கலாம். ஆட்டக்காரர் இல்லாத பகுதியார் முதலைக் குட்டைக்குத்தான் போக வேண்டும்.

முட்காட்டிலிருந்து இதுவரை ஓர் ஆட்டக்காரர்கூட வந்ததில்லை. முயல், கௌதாரி, கீரி, சருகுமான் என்று அங்கே வசிப்பவர்கள் எல்லோரும் சிறியவர்கள். போன கோடையில் குட்டைக்குத் தண்ணீர் குடிக்கப் போன சருகுமான் ஒன்று திரும்பி வரவே இல்லை. அதன் அக்காள் பெயர் தினை.

தினை முயலைவிடச் சற்றுத்தான் பெரியவள். கொம்பு கிடையாது. கால்கள் காய்ந்த குச்சிகள் போல இருக்கும். ஆனால் முட்காட்டார் தங்களுக்குள் ஆடும் உருண்டை ஆட்டத்தில் அவளை இதுவரை யாரும் பிடித்ததில்லை.

“இந்தக் கோடையில் நான் அணியில் சேரப் போகிறேன்” என்றாள் தினை.

“எந்த அணியில்? கரடி இருக்கிற அணியிலா?” என்று கேட்டது செவியன் என்ற முயல். “அக்கா, அவர் தும்மினாலே நீங்கள் நாலு புதர் தள்ளிப் போய் விழுவீர்கள்!”

“விழுந்தால் எழுந்து வருகிறேன்.”

ஆள் எடுக்கும் நாள் வந்தது. வற்றிய ஓடையின் சேற்றில் விலங்குகள் வரிசையாக நின்றன. தேர்வு செய்பவர் நாரையார். அவருடைய முறை மிகவும் எளிமையானது. ஒவ்வொருவரும் சேற்றில் ஒரு காலை ஊன்ற வேண்டும். பதிந்த தடத்துக்குள் நாரையார் தம் நீண்ட அலகை விட்டு ஆழம் பார்ப்பார். அலகு பாதி வரை உள்ளே போனால் ஆள் தேர்வு.

காட்டெருது கால் வைத்தது. அலகு முழுவதும் முழுகியது. “ஆகா! இதுவல்லவா கால்!” என்றார் நாரையார், வாயெல்லாம் சேறாக.

காட்டுப்பன்றி தேறியது. கடமானும் தேறியது. அதன் கொம்புகள் இரண்டு கிளைகளைப் போல விரிந்திருந்தன. “உருண்டையைக் கவ்வி ஓட இவர்தான் பொருத்தம். பார்த்தாலே எதிரி பயப்படுவான்!” என்றார் நாரையார்.

தினை முன்னால் வந்து காலை ஊன்றினாள். நாரையார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

“எங்கே வைத்தாய்?”

“இதோ, இங்கேதான் ஐயா.”

“தடமே இல்லையே! அடுத்த ஆள் வரலாம்.”

“ஐயா, என்னை ஓடவிட்டுப் பாருங்கள். முட்காட்டில் என்னை யாரும் பிடித்ததில்லை.”

நாரையார் அலகைத் தட்டிச் சிரித்தார். “முட்காட்டில் எதிரணி யார்? முயலும் கௌதாரியும்தானே! அதெல்லாம் ஓர் ஆட்டமா? தடம் பதியாத காலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? போ பெண்ணே, நேரமாகிறது.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தினை நேராக அணித்தலைவரான கரடியிடம் போனாள்.

“தலைவரே, அணியில் எனக்கு ஏதாவது வேலை கொடுங்கள்.”

கரடி காதைச் சொறிந்தபடி யோசித்தது. அது கெட்ட கரடி அல்ல. நாரையார் சொன்னதை அப்படியே நம்பும் கரடி.

“பயிற்சியில் உருண்டையைக் கவ்விக்கொண்டு ஓட ஓர் ஆள் வேண்டும். என் ஆட்கள் இடித்துப் பழகுவார்கள். செய்கிறாயா? ஆனால் ஒன்று. இடிபடுபவர் ஆட்டக்காரர் கணக்கில் வரமாட்டார். ஊற்றில் இடம் கிடையாது.”

“சரி” என்றாள் தினை.

அன்றிலிருந்து அவள் தினமும் இடி வாங்கினாள். காட்டுப்பன்றி முட்டியதில் ஆவாரம் புதருக்குள் போய் விழுந்தாள். காட்டெருது தள்ளியதில் புழுதியில் உருண்டாள். ஒவ்வொரு முறையும் எழுந்து வந்தாள். ஒவ்வொரு முறையும் உருண்டை அவள் பல்லிலேயே இருந்தது.

“ஏய் பொடிசு! அதைக் கீழே போட்டுவிட்டு அழுதால்தான் என்ன?” என்றது காட்டுப்பன்றி.

வாயில் உருண்டை இருந்ததால் தினையால் பதில் சொல்ல முடியவில்லை. திரும்பிப் போய்த் தொடக்கக் கோட்டில் நின்றுகொண்டாள்.

மாலையில் நொண்டிக்கொண்டே முட்காட்டுக்கு வருவாள். செவியனுக்குப் பொறுக்கவில்லை.

“அக்கா, இடி வாங்கினால் தண்ணீர் தருவார்களா?”

“தரமாட்டார்கள்.”

“பிறகு எதற்கு இந்தப் பாடு?”

“செவியா, முட்காட்டில் என்னை யாராவது இப்படி இடித்தார்களா? இல்லை. நாரையார் சொன்னதில் அந்தப் பாதி உண்மை. பெரியவர்கள் எப்படி இடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் போகிறேன்.”

அவள் விழும்போதெல்லாம் பார்த்துக்கொண்டே விழுந்தாள். காட்டுப்பன்றி இடிப்பதற்குமுன் வலது தந்தத்தைத் தாழ்த்தியது. காட்டெருது கண்ணை மூடிக்கொண்டது. இடிக்க வரும் எவரும் ஒரு கணம் தம் பாரம் முழுவதையும் முன்னால் எறிகிறார்கள். எறிந்த பாரத்தை அவர்களால் திரும்ப இழுக்க முடியவில்லை. அதுவரை தினை செய்த தவறு அவளுக்கே புரிந்தது. அவள் சீக்கிரமே விலகிவிடுகிறாள். அதனால் அவர்களும் அவளோடு சேர்ந்து திரும்பிவிடுகிறார்கள்.

மறுநாள் அவள் விலகவில்லை. காட்டுப்பன்றி வந்தது. தினை நின்றாள். வலது தந்தம் தாழ்ந்தது. இன்னும் நின்றாள். மூச்சுக்காற்று முகத்தில் பட்ட பிறகே இடப்பக்கம் ஓர் அடி வைத்தாள்.

காட்டுப்பன்றி அவளைத் தாண்டிப் போய்க் கறையான் புற்றில் மூக்கு வரை புதைந்தது!

“அண்ணே, அங்கே என்ன தேடுகிறீர்கள்?” என்று கத்தினான் வேடிக்கை பார்த்த செவியன். திடலே சிரித்தது.

கரடி சிரிக்கவில்லை. “நாரையாரே, பார்த்தீரா?” என்று கேட்டது.

“காற்றடித்தது. பன்றியாரின் கண்ணில் மண் விழுந்தது. வேறொன்றும் இல்லை” என்றார் நாரையார்.

அடுத்த நாள் காற்றே இல்லை. காட்டுப்பன்றியும் காட்டெருதும் சேர்ந்தே வந்தன. தினை இரண்டுக்கும் நடுவே நுழைந்து போய்விட்டாள். அவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்தன.

“இன்று என்ன சொல்கிறீர்?” என்றது கரடி.

“இவர்கள் நேற்றுச் சரியாகத் தூங்கவில்லை” என்றார் நாரையார். கரடி உறுமியது. ஆனால் அணியை மாற்றவில்லை.

ஆட்ட நாள் வந்தது. மலைக்காட்டு அணியில் செந்நாய்கள் இருந்தன. ஒன்று காலைக் கவ்வும், ஒன்று தோளில் பாயும். கடமான் உருண்டையோடு கம்பீரமாகப் புறப்பட்டது. செந்நாய்கள் கொம்பைக் கண்டு பயப்படவில்லை. கொம்புக்குக் கீழே புகுந்து வயிற்றில் மோதின. “ஐயோ!” என்று கடமான் வாய் திறந்து கத்தியது. உருண்டை விழுந்தது.

மறுபடி ஓடியது. மறுபடி “ஐயோ!” மறுபடி உருண்டை தரையில். ஒவ்வொரு தடவையும் மலைக்காட்டார் தங்கள் முறையில் ஆற்றுக்காட்டு மருத மரத்தை இன்னும் நெருங்கினார்கள். கடைசியாக, மரத்தின் நிழல் விழும் இடம் வரைக்கும் வந்துவிட்டார்கள். காட்டெருது குறுக்கே விழுந்து தடுத்ததில் தற்செயலாக உருண்டை ஆற்றுக்காட்டுக்குக் கிடைத்தது.

கரடிக்கு மூச்சு வாங்கியது. அது கடமானைப் பார்த்தது. கடமான் தலையைக் குனிந்துகொண்டது.

“தலைவரே, அவர்கள் தரையோடு வருகிறார்கள். எனக்குத் தரை தெரியவில்லை. அந்தப் பொடிசைக் கூப்பிடுங்கள்” என்றது கடமான்.

கரடி திடலின் ஓரத்தில் நின்ற தினையைக் கூப்பிட்டது. “வா, ஓடு!”

தினை வந்தாள். ஆனால் உருண்டையைக் கவ்வவில்லை.

“முதலில் என்னை ஆட்டக்காரி என்று அறிவியுங்கள்.”

“என்ன? இப்போதா?”

“இப்போதே. முட்காட்டாருக்குப் பாறை ஊற்றில் இடம் உண்டு என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். பிறகு ஓடுகிறேன்.”

நாரையார் சிறகடித்துக்கொண்டு ஓடி வந்தார். “தடம் பதியாதவளா ஆட்டக்காரி? வழக்கம் என்ன ஆவது?”

“நீ ஓடித் தோற்றுவிட்டால்?” என்று கேட்டது கரடி.

“தோற்றாலும் இடம் உண்டு. கடமான் அண்ணன் காலையிலிருந்து விழுகிறார். அவருடைய கூட்டத்தை ஊற்றிலிருந்து விரட்டிவிட்டீர்களா?”

கடமானே சிரித்துவிட்டது. கரடி ஒரு கணம் நாரையாரைப் பார்த்தது. பிறகு எழுந்து இரண்டு காலில் நின்று முழங்கியது. “எல்லோரும் கேளுங்கள்! முட்காட்டுத் தினை ஆற்றுக்காட்டின் ஆட்டக்காரி! முட்காட்டாருக்கு ஊற்றில் இடம் உண்டு!”

தினை உருண்டையைக் கவ்வினாள்.

மலைக்காட்டார் அவளைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “ஆள் தீர்ந்துபோய்விட்டதா? எலியை அனுப்புகிறார்கள்!”

முதல் ஓட்டத்தில் செந்நாய் ஒன்று பக்கவாட்டில் பாய்ந்து அவளைத் தரையில் அறைந்தது. புழுதி பறந்தது. செந்நாய்கள் உருண்டையைத் தேடின. அது தினையின் வாயிலேயே இருந்தது. அவள் எழுந்து, விழுந்த இடத்திலேயே நின்றாள். செந்நாய்கள் எப்படிப் பாய்கின்றன என்பது இப்போது தெரிந்துவிட்டது. அவை பாயும்போது கால்கள் நான்கும் தரையை விடுகின்றன. காற்றில் இருப்பவரால் திரும்ப முடியாது.

இரண்டாம் ஓட்டத்தில் அவள் முன்னால் ஓடவில்லை. காட்டெருதின் பின்னங்கால்களுக்குப் பின்னால், அதன் வால் முகத்தில் அடிக்கும் தூரத்தில் மெதுவாக நடந்தாள்.

“ஓடு, ஓடு!” என்று அலறினார் நாரையார்.

தினை ஓடவில்லை. பொறுத்தாள். செந்நாய்களுக்குக் காட்டெருது தெரிந்தது. அதன் பின்னால் வந்தவள் தெரியவில்லை. “எங்கே அவள்?” என்று ஒன்று கத்தியது. இடப்புறம் எட்டிப் பார்க்க இரண்டு நாய்கள் பாய்ந்தன. அவற்றின் கால்கள் தரையை விட்டன.

அந்தக் கணத்தில் தினை வலப்புறம் வெடித்துக் கிளம்பினாள்!

முள்ளுக்கும் முள்ளுக்கும் இடையே ஓடி வளர்ந்த கால்கள் அவை. ஒரு செந்நாயின் வயிற்றுக்கு அடியில் நுழைந்தாள். இன்னொன்று தலையைத் தாழ்த்தியது. அது தாழ்த்தி முடிக்கும்வரை நின்று, அதைக் கடந்தாள். மலைக்காட்டுக் காட்டுப்பன்றி குறுக்கே வந்தது. அதன் வேகத்தை அதற்கே விட்டுவிட்டு விலகினாள்.

மருத மரம் நெருங்கியது. பின்னாலிருந்து தலைமைச் செந்நாய் எட்டி அவளுடைய பின்னங்காலைக் கவ்வியது. வலி உச்சந்தலை வரை ஏறியது. கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் வாய் திறக்கும். தினை பல்லை இன்னும் இறுக்கினாள். மூன்று கால்களால் மண்ணை உதைத்தாள். செந்நாயையும் இழுத்துக்கொண்டு ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி. இன்னும் ஓர் அடி.

அவள் நெற்றி மருத மரத்தில் மோதியது.

ஆற்றுக்காடு அதிர்ந்தது. காட்டுப்பன்றிதான் முதலில் ஓடி வந்து அவளைத் தூக்கி நிறுத்தியது. தலைமைச் செந்நாயும் மூச்சு வாங்கியபடி, “எலி என்று சொன்னதற்கு மன்னித்துக்கொள், அம்மா” என்றது. கரடி இலுப்பைத் தோப்பை நோக்கி உருண்டு ஓடியது. நாரையார் மட்டும், “நான் அன்றைக்கே நினைத்தேன்” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் அதைக் கேட்கவில்லை.

மறுநாள் காலை முட்காட்டார் பாறை ஊற்றுக்கு வந்தார்கள். பழக்கதோஷத்தால் கௌதாரிகள் தண்ணீரில் அலகை வைப்பதற்குமுன் முதலை இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தன. முதலை இல்லை. தெளிந்த தண்ணீரும் கூழாங்கற்களும் மட்டுமே இருந்தன. செவியன் வயிறு உப்பும்வரை குடித்துவிட்டு, “அக்கா, குடிக்கும்போது திரும்பிப் பார்க்காமல் குடிப்பது எவ்வளவு சுகமாக இருக்கிறது!” என்றான்.

தினை கடைசியாகக் குடித்தாள். பிறகு கட்டுப்போட்ட காலை ஊன்றிப் பயிற்சித் திடலை நோக்கி நடந்தாள்.

நீதி: உருவத்தை அளப்பவர் திறமையைத் தவறவிடுவார், விழுந்தாலும் பிடி விடாமல் கற்றுக்கொள்பவர் தமக்குரிய இடத்தைத் தலைநிமிர்ந்து கேட்டுப் பெறுவார்.