எள்ளூர் அம்பில் இறகு நின்ற கதை

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னால், மலைக்கு ஒரு மந்திரவாதி குடியிருந்த காலத்தில், எள்ளூர் என்று ஒரு நாடு இருந்தது. பார்த்த இடமெல்லாம் எள்ளு வயல். திரும்பிய தெருவெல்லாம் செக்குச் சத்தம். அந்த நாட்டில் ஒரு சட்டம் உண்டு. ராஜா மினுக்குவர்மரின் தாத்தா போட்டது. சனிக்கிழமை வந்தால் எள்ளூரில் எல்லாருக்கும், எல்லாவற்றுக்கும் எண்ணெய் தேய்க்க வேண்டும். ராஜாவுக்கு எண்ணெய், யானைக்கு எண்ணெய், கோட்டைக் கதவுக்கு எண்ணெய், வாள் வேல் அம்பு அத்தனைக்கும் எண்ணெய். மனிதர்கள் அப்புறம் சீயக்காய் தேய்த்துக் குளித்துவிடுவார்கள். அம்புக்குப் போய் யார் சீயக்காய் தேய்ப்பார்கள்? துணியால் ஒரு துடை, அவ்வளவுதான்.

இந்த எள்ளூருக்கு ஒரு தீராத தலைவலி. அம்பில் இறகு நிற்காது. ஒட்டுவார்கள், காயும், கையில் வைத்துப் பார்த்தால் லட்சணமாய் இருக்கும். நாணை விட்டுக் கிளம்பியதும் இறகு ஒரு வழி, அம்பு ஒரு வழி. இறகில்லாத அம்பு எங்கே போகும்? அது அந்த அம்புக்கே தெரியாது. எள்ளூர்ப் படை வில்லைத் தூக்கினால் எதிரிகள் ஓட மாட்டார்கள். இவர்கள் எந்த இடத்தைக் குறி பார்க்கிறார்களோ அந்த இடத்தில் போய் நிம்மதியாய் நின்றுகொள்வார்கள்.

அரண்மனைக்கு அம்பு செய்கிறவன் கோட்டைமுத்து. மூங்கில் வெட்டிச் சீவி முனை வைப்பது அவன் வேலை. எண்ணெய் பூசி, இறகு ஒட்டி, எய்து பார்ப்பது அவன் பெண்டாட்டி ஆவுடையின் வேலை. எள்ளூர் அம்பு என்றால் இறகு விழத்தான் செய்யும் என்று நாடே ஒத்துக்கொண்டுவிட்டது. ஆவுடை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு இறகு விழும்போதும் அவளுக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் கோட்டைமுத்து மூங்கில் வெட்டப் புகைமலைக்குப் போனான். அங்கே புகைவாயன் என்ற மந்திரவாதி இருந்தான். அவன் வாயைத் திறந்தால் புகை வரும். புகை வந்தால் இருமல் வரும்.

"யாரடா அது, என் மூங்கிலை... லொக்கு... என்னைக் கேட்காமல்... லொக்கு லொக்கு... வெட்டுகிறவன்?"

நியாயமாய்ப் பார்த்தால் கோட்டைமுத்து நடுங்கியிருக்க வேண்டும். அந்த மனுஷன் சிரித்துவிட்டான். சிரிக்கக் கூடாத இடத்தில்தான் அவனுக்குச் சிரிப்பு வரும். தாலி கட்டும்போது சிரித்து மாமனாரிடம் திட்டு வாங்கியவன்.

"சிரிக்கிறாயா? ஒற்றைக் காலில் நில்!" என்றான் புகைவாயன். கோட்டைமுத்து நின்றான். வெள்ளைக் கொக்காய் நின்றான்.

சாயங்காலம் அந்தக் கொக்கு வீட்டு வாசலில் வந்து இறங்கியது.

"ஆவுடை, நான்தான்."

"எந்த நான்?"

"உன் புருஷன்தான்."

"போ அந்தாண்ட!" என்று ஆவுடை கரண்டியை ஓங்கினாள்.

"நேத்து வச்ச குழம்புல உப்பு இல்லேன்னு சொன்னேனே, மறந்துட்டியா?"

ஆவுடை கரண்டியைக் கீழே போட்டாள். அவர்தான், சந்தேகமே இல்லை. கொக்கைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

மறுநாள் விடிந்ததும் மலை ஏறினாள். "என் புருஷனைத் திருப்பிக் குடு."

புகைவாயன் மலை உச்சி அரசமரத்தைக் காட்டினான். கிளையில் ஒரு வெண்கல மணி தொங்கியது. "அடிவாரத்தில் இருந்து அம்பு விட்டு... லொக்கு... இந்த மணியை அடி. அடிக்கும்போது அம்பில் மூன்று இறகும் ஒட்டியிருக்க வேண்டும். மூன்று சனிக்கிழமை, மூன்று அம்பு. ஒன்பது இறகும் அந்தக் கொக்கின் சிறகில் இருந்தே பிடுங்க வேண்டும். மூன்றும் தவறினால் அவன் சாகும்வரை கொக்கு. இறகு போன பிறகு பறக்கவும் முடியாத கொக்கு!" பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "எள்ளூர் அம்பில் இறகு நின்றதாய்... லொக்கு... யாராவது கேள்விப்பட்டதுண்டா?"

முதல் சனிக்கிழமை வந்தது. ஆவுடை சட்டப்படி அம்புக்கு எண்ணெய் பூசித் துடைத்தாள். கொக்கின் சிறகில் மூன்று இறகு பிடுங்கினாள்.

"ஆ! மெதுவாடி!"

"பொறுத்துக்குங்க, உங்களுக்காகத்தானே?"

வேலம்பிசின் காய்ச்சி ஒட்டினாள். மலையடிவாரத்தில் கூட்டம் கூடிவிட்டது. ராஜாவே வந்துவிட்டார், ஒரு கையில் பணியாரத்தோடு. அம்பைக் கட்டை விரலால் தடவினார்.

"வழுக்குதா?"

"வழுக்குது மகாராஜா."

"அப்போ நல்ல அம்பு. விடு!"

ஆவுடை விட்டாள். இறகு மூன்றும் பூ உதிர்வதுபோல உதிர்ந்தன. அம்பு அரை வட்டம் அடித்துத் திரும்பி வந்து ராஜாவின் வெண்கொற்றக் குடையைக் கிழித்தது. மலை உச்சியில் புகைவாயன், "என் மந்திரம்! லொக்கு! எல்லாம் என் மந்திரம்!" என்று மார்தட்டினான். அவன் ஒரு மந்திரமும் போடவில்லை. இறகு ஏன் விழுகிறது என்று அவனுக்கும் தெரியாது. சும்மா கிடைத்த பெயரை யார் வேண்டாம் என்பார்கள்?

இரண்டாம் சனிக்கிழமை ஆவுடை பிசினை விட்டு அரக்கை உருக்கினாள். மறுபடி எண்ணெய், மறுபடி மூன்று இறகு, மறுபடி "ஆ! மெதுவாடி!"

"வழுக்குதா?"

"வழுக்குது மகாராஜா."

"அப்போ நல்ல அம்பு. விடு!"

இந்த முறை அம்பு ராஜாவின் கிரீடத்தைக் கொத்திக்கொண்டு போய் ஏரியில் விழுந்தது. கொக்குதான் போய் எடுத்து வந்தது. கிரீடத்தோடு ஒரு கெண்டை மீனும் வந்தது. அதைக் கொக்கு யாருக்கும் காட்டாமல் விழுங்கிவிட்டது. ஆவுடை மட்டும் பார்த்துவிட்டாள். அவர் கவிச்சி வாசனையே ஆகாத மனுஷன்.

மூன்றாம் சனிக்கிழமை காலையில் கொக்கு மெல்லப் பேச்செடுத்தது.

"ஆவுடை, விட்டுடு. இருக்கிற இறகையாவது வச்சுக்கிறேன். ஏரிக்கரையில எப்படியோ பொழைச்சுக்குவேன். நாய் துரத்தினா பறக்கவாவது முடியும்ல?"

ஆவுடை எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள். அழுதால் அவரும் அழுவார். கொக்கு அழுது அவள் பார்க்க விரும்பவில்லை.

"இன்னிக்கு சனிக்கிழமை. முதல்ல உக்காருங்க, எண்ணெய் தேய்ச்சு விடறேன்."

உச்சி முதல் கால்வரை எண்ணெய் தேய்த்தாள். அவன் மனிதனாய் இருந்த நாளில் தினமும் அவன் நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டு வைப்பாள். இன்றைக்கும் வைத்தாள். பொட்டு வழுக்கி அலகில் விழுந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது. மூன்றாம் முறையும் வைத்தாள், மூன்றாம் முறையும் விழுந்தது.

கொக்குக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்குப் புத்தி எங்கே போச்சு? எண்ணெய்த் தலையில பொட்டு நிக்குமா? சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டிட்டு வையேன்!"

சரிதானே என்று வெந்நீர் ஊற்றி, சீயக்காய் தேய்த்து அலசி, துவட்டி, வெயிலில் நிறுத்திவிட்டுப் பொட்டு வைத்தாள். நின்றது. தலையை ஆட்டச் சொன்னாள். அப்போதும் நின்றது.

ஆவுடை அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, இப்போ என்ன சொன்னீங்க?"

"புத்தி எங்கே போச்சுன்னு..."

"அது இல்ல, அதுக்கப்புறம்!"

"குளிப்பாட்டிட்டு வைன்னு..."

மிச்சத்தைக் கேட்க அவள் அங்கே இல்லை. அம்பைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடிவிட்டாள். எள்ளூர் சரித்திரத்தில் முதல் முறையாக ஓர் அம்பு சீயக்காய் போட்டுக் குளித்தது. ஒருமுறை தேய்த்தாள், இருமுறை தேய்த்தாள், மூன்றாம் முறை தேய்த்தபோது தண்ணீர் உருண்டு ஓடாமல் மூங்கிலோடு ஒட்டி வழிந்தது. வெயிலில் காயவைத்தாள். அப்புறம் இறகு ஒட்டும் இடத்தில் தன் விரல்கூடப் படவிடவில்லை. அம்பின் இரண்டு முனையை மட்டும் பிடித்தாள். முதல் வாரம் காய்ச்சினாளே, அதே வேலம்பிசின்தான். கொக்கின் குளித்த சிறகில் கடைசி மூன்று இறகைப் பிடுங்கி, மெல்லிசாய் ஒரு கோடு இழுத்து ஒட்டி, நூலால் சுற்றி வைத்தாள்.

கொக்கு கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தது.

"கிட்ட வராதீங்க! மூச்சு விடாதீங்க!"

கொக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டது. "இப்போ விடலாமா?"

"பொறுங்க."

"இப்போ?"

"பொறுங்கன்னேன்ல!"

வெயில் உச்சியில் இருந்து இறங்கும்வரை காத்திருந்து நூலை அவிழ்த்தாள்.

அடிவாரத்தில் போன வாரத்தைவிடப் பெரிய கூட்டம். ராஜா வந்தார். இந்த வாரம் குடையை வீட்டில் விட்டுவிட்டு, கிரீடத்தைத் தாடையோடு கயிறு போட்டுக் கட்டியிருந்தார். நெய் ஒழுகும் கட்டை விரலை நீட்டினார்.

"வழுக்குதா?"

ஆவுடை வெடுக்கென்று அம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "வழுக்காது மகாராஜா. எண்ணெயை நான் கழுவிட்டேன்."

கூட்டம் வாயைப் பிளந்தது. ராஜாவின் கையில் இருந்த பணியாரம் கீழே விழுந்தது.

"என் தாத்தா சட்டத்தையா கழுவினே? யாரங்கே! இவள் தலையை வாங்கு!"

காவலன் வாளை உருவினான். ஆவுடை அம்பை நாணில் பூட்டிக்கொண்டே சொன்னாள்: "வாங்கிக்குங்க மகாராஜா. ஆனா அந்த வாளும் இன்னிக்கு எண்ணெய் குளிச்ச வாள்தான். முதல்ல அது கையில நிக்குதான்னு பாருங்க."

அவள் சொல்லி முடிக்கவில்லை, வாள் காவலன் கையில் இருந்து நழுவி அவன் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தான், மறுபடி நழுவியது. ராஜா அதையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆவுடை நாணை இழுத்துவிட்டாள்.

அம்பு போனது. முதல் இறகு நின்றது. இரண்டாம் இறகு நின்றது. மூன்றாம் இறகும் நின்றது. கோடு போட்டதுபோல நேராய் மலை உச்சிக்கு ஏறிப் போய், டங்! மணி அடித்தது. எள்ளூர் முழுக்கக் கேட்டது.

"என் மந்திரம்!" என்று புகைவாயன் வாயைத் திறந்தான். புகை வரவில்லை. இன்னும் பெரிதாய்த் திறந்தான். இருமலும் வரவில்லை. முப்பது வருஷத்து இருமல்! மணிச் சத்தத்தோடு தன் மந்திரமெல்லாம் போனதற்கு அழ உட்கார்ந்தவன், மூச்சு சுகமாய் வந்ததில் அப்படியே தூங்கிப்போனான். பிற்பாடு மலையை விட்டு இறங்கி எள்ளூரிலேயே சீயக்காய் இடிக்கும் வேலையில் சேர்ந்தான். அங்கே தும்மல் பிடித்துக்கொண்டது, அது வேறு விஷயம்.

ராஜா ரொம்ப நேரம் யோசித்தார். யோசித்துப் பழக்கமில்லாததால் அத்தனை நேரம் ஆனது. கடைசியில் தாத்தாவின் சட்டத்துக்குக் கீழே தம் கையால் ஒரு வரி சேர்த்தார்: "எண்ணெய் தேய்த்த எதையும் சீயக்காய் போட்டுக் கழுவ வேண்டும்." ஆவுடையை ஆயுதசாலைக்குத் தலைவி ஆக்கினார். அவள் அனுமதி இல்லாமல் பணியாரக் கையோடு அங்கே நுழைய ராஜாவுக்கும் தடை.

இதெல்லாம் அப்புறம் நடந்தது. மணி அடித்த அந்த நொடியில் ஆவுடை மலையைப் பார்க்கவில்லை, ராஜாவைப் பார்க்கவில்லை. பக்கத்தில்தான் பார்த்தாள். கோட்டைமுத்து நின்றுகொண்டிருந்தான், இன்னும் ஒற்றைக் காலில். பிடுங்கிய ஒன்பது இறகுக்குப் பதிலாக ஒரு பக்க மீசை காணாமல் போயிருந்தது. தடவிப் பார்த்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இப்போகூடச் சிரிப்பா உங்களுக்கு?" என்று அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அப்புறம் அந்தத் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு, மூன்று வாரமாய் அடக்கி வைத்ததை எல்லாம் அழுது தீர்த்தாள்.

அழுது முடித்து நிமிர்ந்தாள். அவன் நெற்றியில், காலையில் கொக்குக்கு வைத்த சந்தனப் பொட்டு அப்படியே இருந்தது.

பொட்டும் நின்றது, இறகும் நின்றது, என் கதையும் இங்கே வந்து நின்றது.