இடப்பக்கத்துப் பனை

“இனி எனக்குப் படம் வராது, டீச்சர்” என்றார் தவசிலிங்கம்.

தோள்பையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“இதை நீங்க வச்சிக்கிடுங்க. படிக்க வர்ற பிள்ளைக யாருக்காவது ஆகும்.”

ரூபவதி டீச்சர் பையைத் திறக்கவில்லை. உள்ளே இருப்பது கேமரா என்று தெரியும். பையின் வார் அறுந்த இடத்தில் சேலைக்கரைத் துணி வைத்துத் தைத்திருந்தது. அந்தத் தையல் யாருடையது என்பதும் தெரியும்.

“உக்காருங்க அண்ணாச்சி. காப்பி குடிக்கியளா?”

“வேண்டாம்.”

“அப்ப நெசமாவே மனசு சரியில்ல.”

தவசிலிங்கம் சிரிக்கவில்லை.

அவருக்குச் சாத்தான்குளத்தில் பேட்டரிக் கடை. ஐம்பதை நெருங்கும்போதுதான் கேமரா பிடிக்கக் கற்றுக்கொள்ள இந்த வீட்டுக்கு வந்தார். டீச்சர் அவரைவிடப் பல வயது இளையவர். வந்த நாளிலிருந்து இவர் டீச்சர் என்றார், அவர் அண்ணாச்சி என்றார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் இருந்ததில்லை.

மண்ணையும் மரத்தையும் வானத்தையும் படமெடுப்பதுதான் அந்த வீட்டில் பாடம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து எல்லோரும் கூடும்போது நல்ல படத்தை யாரும் காட்டக் கூடாது. கெட்டுப்போன படத்தைத்தான் கொண்டுவர வேண்டும். நல்ல படத்தை ஊரே பார்க்கும், கெட்டதைப் பார்க்க நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்பார் டீச்சர்.

தவசிலிங்கம் எந்த ஞாயிற்றுக்கிழமையும் தவறாதவர். போன ஆவணிக்குப் பிறகு வரவே இல்லை.

போன ஆவணியில் அவர் மனைவி முத்துக்கனி இறந்துபோனாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனாள். திரும்பி நடந்து வரவில்லை.

ஜன்னலோரம் அருளப்பன் உட்கார்ந்து, கேமரா நிறுத்துகிற முக்காலியின் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். மணப்பாட்டுக்காரர். தவசிலிங்கத்தோடு ஒன்றாகக் கற்றுக்கொள்ள வந்தவர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர்.

“பேட்டரி விக்கிற ஆளுக்கே சார்ஜ் எறங்கிட்டா, வே?”

சொன்ன பிறகு அவருக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. குனிந்து திருகாணியைத் தேடினார்.

டீச்சர் கேட்டார். “எங்கெங்க போனிய?”

“வேற எங்க? தேரிக்குத்தான்.”

தேரி என்றால் அந்தப் பக்கத்துச் செம்மணல் காடு. காற்று அடித்து அடித்து மேடும் மடிப்புமாகக் கிடக்கும். இன்று பார்த்த மேடு அடுத்த மாதம் அதே வடிவில் இருக்காது.

தவசிலிங்கம் நடந்ததைச் சொன்னார். காரியமெல்லாம் முடிந்து வீட்டில் இருக்க முடியாமல் ஒருநாள் சாயங்காலம் போயிருக்கிறார். காற்று மணலை வாரி இறைத்தது. பையைத் திறக்காமலே திரும்பிவிட்டார். இன்னொரு நாள் வானம் மூடி போட்ட சட்டி மாதிரி கிடந்தது. இன்னொரு நாள் போகும் வழியில் வண்டி நின்றுவிட்டது. இதெல்லாம் படம் எடுக்கப் போகிற எல்லோருக்கும் நடப்பதுதான். அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

பிறகு ஒரு நாள் வெளிச்சம் கிடைத்தது. மழை பெய்து விட்டிருந்தது. மேற்கே மேகம் விலகி, கடைசி வெயில் சாய்ந்து வந்து மணலின் ஒவ்வொரு மடிப்பிலும் இறங்கி நின்றது. வருஷக்கணக்காகக் காத்துக் கிடந்தாலும் எளிதில் அமையாத வெளிச்சம். அவர் எடுத்தார். எடுத்துக்கொண்டே இருந்தார்.

“வீட்டுல வந்து பாத்தேன், டீச்சர்.”

“என்ன இருந்தது?”

“மணல் இருந்தது.”

டீச்சர் எழுந்து அலமாரியைத் திறந்தார். ஒரு தட்டிலிருந்த பழைய பத்திரிகைகளையெல்லாம் எடுத்துத் தரையில் அடுக்கினார். காலியான தட்டைத் துணியால் துடைத்தார்.

“எடம் பண்ணிட்டேன். கேமராவ இங்க வைக்கலாம். ஆனா கெட்ட படத்தப் பாக்காம இந்த வீட்டுல எதையும் வாங்குதது இல்ல.”

தவசிலிங்கம் பையைத் திறந்து, கேமராவிலிருந்து மெமரி கார்டை உருவிக் கொடுத்தார்.

டீச்சர் லேப்டாப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நல்லது என்றும் சொல்லவில்லை, மோசம் என்றும் சொல்லவில்லை. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து பார்த்தார். அருளப்பன் எட்டிப் பார்த்து, எல்லாம் அழகாகத்தானே இருக்கிறது என்று முணுமுணுத்தார்.

டீச்சர் ஒரு படத்தில் நிறுத்தி, திரையின் இடது ஓரத்தில் விரலை வைத்தார்.

“இந்த மேடு எங்க ஆரம்பிக்குது?”

“இன்னும் இடப்பக்கம் தள்ளி.”

அடுத்த படத்துக்குப் போனார். அதிலும் மேடு பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. அதற்கு அடுத்ததிலும் அப்படித்தான்.

“எல்லாப் படத்துலயும் வலப்பக்கமா ஒதுங்கி ஒதுங்கிப் போறிய. இடப்பக்கம் என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல, டீச்சர். ஒரு பனை விழுந்து கெடக்கு.”

“பனை படத்துக்கு ஆகாதா?”

தவசிலிங்கம் யோசித்தார்.

“ஆகும்” என்றார். சொல்லிவிட்டு அவரே திகைத்தார்.

“பின்ன ஏன் அந்தப் பக்கம் போகவே மாட்டேங்குதிய?”



டீச்சர் கார்டைக் கேமராவில் போட்டு, பையை மூடி, அவர் மடியில் வைத்தார்.

“ஒரே ஒரு தடவ போங்க. அந்தப் பனைய எடுத்துட்டு வாங்க. அதுவும் கெட்டுப்போனா இந்தத் தட்டுல வச்சி மூடிருவோம். தட்டு காலியா இருக்கும்.”

மறுவாரம் ஒரு சாயங்காலம் தவசிலிங்கம் தேரிக்குப் போனார்.

எப்போதும் நிற்கிற இடம் ஒன்று அவருக்கு உண்டு. முந்திரி காய்க்கிற ஒரு கொல்லாமரத்துக்கு முன்னால், மணல் சரியத் தொடங்கும் விளிம்பு. முக்காலியை விரித்தார். கேமராவைப் பொருத்தினார். கண்ணை வைத்துப் பார்த்தபோது அது தானாக வலப்பக்கம் திரும்பியிருந்தது.

பிடியைத் தளர்த்தி மெதுவாக இடப்பக்கம் திருப்பினார்.

மேடு முழுசாக வந்தது. அதன் அடிவாரத்தில் பனை வந்தது. குறுக்காக விழுந்து, பட்டை வெளுத்துக் கிடந்தது. வெளிச்சம் நன்றாக இருந்தது. நிழல் நீண்டு கிடந்தது. விரல் பொத்தானுக்குப் போனது.

“கொஞ்சம் நகரு, முத்துக்கனி” என்றார்.

தன் குரலைத் தானே கேட்டார்.

பனைமேல் யாரும் இல்லை.

அத்தனை வருஷமும் அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். கருப்பட்டிக் காப்பி பிளாஸ்க்கும் சேவுப் பொட்டலமுமாக அவரோடு கிளம்பி வருவாள். அவர் முக்காலியை விரிக்கும்போது அவள் பனைக்குப் போவாள். நேரே மணலில் இறங்கினால் கூப்பிடு தூரம்தான். ஆனால் மணலில் காலடி விழுந்தால் படம் கெட்டது. காற்று அடித்து அது அழிய நாளாகும். அதனால் மணலில் கால் வைக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார். அவள் உடைமுள் காட்டுக்குள் இறங்கி, சுற்றிப் போய்த்தான் உட்காருவாள். இருட்டுகிற நேரத்தில் அதே வழியாகச் சுற்றி வருவாள்.

“நான் மிதிச்சா உங்க மணலுக்கு வலிக்குமோ?” என்று ஒரு தடவை கேட்டாள். அவர் கேமராவுக்குள் இருந்தார். பதில் சொன்னதாக நினைவில்லை.

பின்னாலேயே கொல்லாமர நிழல் இருக்க, எதற்கு அவ்வளவு தள்ளிப் போய் உட்கார வேண்டும் என்று அவரும் ஒரு தடவை கேட்டதுண்டு. அங்கே இருந்தால்தான் உங்கள் முகம் தெரிகிறது என்றாள்.

படத்துக்குள் அவள் தோளோ சேலையோ வந்துவிட்டால் நகரச் சொல்வார். நகர்ந்துகொள்வாள். நகர்ந்தும் வந்துவிட்டால் அவரே கேமராவைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிக்கொள்வார். தப்பித் தவறி விழுந்த படத்தை அங்கேயே அழித்துவிடுவார்.

இன்றைக்கு மணல் சுத்தமாக இருந்தது. பனையைச் சுற்றி ஒரு தடம் இல்லை. இத்தனை வருஷமாக அவர் கேட்டது இந்த மணலைத்தான்.

விரலை எடுத்துவிட்டார்.

வெளிச்சம் நின்றுகொண்டிருந்தது. பிறகு இறங்கத் தொடங்கியது. இந்த நேரத்தில் ஒரு நொடியை விடுவதற்கும் அவருக்கு மனசு வந்ததில்லை. இப்போது செருப்பைக் கழற்றினார். விளிம்பிலிருந்து நேரே மணலில் இறங்கினார். கால் கணுக்கால்வரை புதைந்தது. மணல் இன்னும் சூடாக இருந்தது.

பனைமேல் போய் உட்கார்ந்தார். அவள் உட்காருகிற இடம் வழுவழுப்பாக இருந்தது.

அங்கிருந்து நிமிர்ந்து, தான் நிற்கிற இடத்தைப் பார்த்தார்.

விளிம்பில் முக்காலி நின்றது. முகம் தெரிய வேண்டிய உயரத்தில் கேமரா இருந்தது.

வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

திரும்பக் கேமராவுக்கு வந்து சேர்ந்தபோது சூரியன் இல்லை. மணலின் சிவப்பு போய்ச் சாம்பலாகிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு படம் எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டுக்கு ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்தார். பை தோளில் இருந்தது. அலமாரித் தட்டு காலியாகத்தான் இருந்தது. பத்திரிகைகள் இன்னும் தரையில் கிடந்தன. அவர் அதைப் பார்த்தார். கார்டை எடுத்துக் கொடுத்தார்.

படம் திரையில் வந்ததும் அருளப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“என்ன வே இது? வெளிச்சமே இல்ல. போதாததுக்கு நடுவுல காலடி வேற. கோழி நடந்தாலே வெரட்டுத ஆளு நீரு.”



மங்கலான மணல். கேமராவிலிருந்து நேரே பனைவரைக்கும் ஒரு வரிசைக் காலடி. பனைமேல் யாரும் இல்லை.

டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்தார். தரையில் குந்தி, பத்திரிகைகளை ஒவ்வொரு கட்டாக எடுத்து, அந்தத் தட்டில் பழையபடி அடுக்கினார். தட்டு நிறைந்தது. கதவைச் சாத்தினார்.

திரும்பி வந்து மறுபடி படத்தைப் பார்த்தார்.

“போன காலடி இருக்கு, அண்ணாச்சி. வந்த காலடியக் காணோமே?”

“அவ வர்ற வழியா வந்தேன்.”

அருளப்பன் கீழே குனிந்து அவர் காலைப் பார்த்தார். குதிகாலில் முள் ஏறி வீங்கியிருந்தது. முழங்கால்வரை கீறல். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார்.

தவசிலிங்கம் பையின் வாரில் தைத்திருந்த துணியை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“அது அவ்வளவு தூரம்னு எனக்குத் தெரியாது, டீச்சர்.”